நிலைக்கு மரம் எடுப்பது: தடியா, சைஸா, பழைய மரமா, தோட்டத்து வேம்பா?

வீட்டோடு ஒட்டி ஒரு அறை, முன்னால் ஒரு ஓட்டுச் சாய்ப்பு என்று முடிவானவுடனே, கதவு, ஜன்னல் நிலைக்கும் கூரைக்கும் மரம் எங்கே எடுப்பது என்று ஆளுக்கு ஒரு யோசனையோடு வருவார்கள். "செங்கோட்டையில தடியா எடுத்து மில்லுல அறுத்துக்கோங்க, பாதி விலைக்கு முடிஞ்சிரும்" என்பார் மைத்துனர். "நெல்லை டவுன் மரக்கடையிலயே அறுத்த சைஸ் கெடக்கு, எதுக்கு அலைச்சல்" என்பார் கொத்தனார். தோட்டத்தில் வேம்பு நிற்கும்போது காசு கொடுத்து மரம் வாங்குவார்களா என்று வீட்டில் கேட்பார்கள். கல்லிடைக்குறிச்சியில் பழைய வீடு ஒன்று இடிபடுகிறது, பர்மா தேக்கு உத்திரம் கிடக்கிறது என்று இன்னொருவர் போன் செய்வார். நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சிக்கல் என்னவென்றால், நால்வரும் கன அடி விலை சொல்கிறார்கள், அந்த நான்கு கன அடியும் ஒன்றல்ல. சுவரில் நிலை ஏறி நின்ற பிறகு என்ன விலை ஆனது என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

முதலில் எவ்வளவு மரம் வேண்டும் என்று பார்ப்போம். அங்குலத்தில் அகலத்தையும் கனத்தையும் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. வாசல் நிலை 7 அடி உயரம், 4 அடி அகலம், 5க்கு 4 சட்டம், கீழ்ச்சட்டமும் உண்டு என்றால் மொத்த நீளம் 22 அடி. 5 × 4 × 22 ÷ 144, அதாவது 3.06 கன அடி. உள் நிலை இரண்டு, கீழ்ச்சட்டம் இல்லாமல், 4க்கு 3 சட்டத்தில்: ஒன்றுக்குப் பதினேழரை அடி நீளம், 1.46 கன அடி. நான்கு அடிச் சதுர ஜன்னல் இரண்டு, நடுக்காலோடு: ஒன்றுக்கு 20 அடி, 1.67. ஆக நிலை, ஜன்னல் வகைக்கு 9.3 கன அடி.

சாய்ப்பு 16 அடி நீளம் என்று வையுங்கள். ஓட்டைத் தாங்கும் சரிவுச் சட்டமான கைமரம் இரண்டு அடிக்கு ஒன்றாக 9, ஒவ்வொன்றும் 9 அடி, 4க்கு 2. ஒரு கைமரம் சரியாக அரை கன அடி, எல்லாம் சேர்த்து நாலரை. கைமரத்தின் மேல் குறுக்கே அடிக்கும் ரீப்பர் 2க்கு 1, அடிக்கு ஒரு வரிசையாகப் பத்து வரிசை, 160 ஓட்ட அடி. இந்த சைஸில் 72 ஓட்ட அடி ஒரு கன அடி என்பதால் 2.2 கன அடி ஆகிறது. எல்லாம் கூட்டினால் 16 கன அடி. கதவுப் பலகை தனி.

இந்த 16ஐ ஒரே மரமாக வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிலை சுவருக்குள் புதைந்து நிற்பது, கரையான் ஏறும் இடம், பின்னால் மாற்றுவது பெரிய பாடு. கைமரம் கண்ணுக்குத் தெரிகிறது, ஓட்டைப் பிரித்தால் மாற்றிவிடலாம். நல்ல மரத்துக்கான காசை அந்த 9.3 கன அடியில் போட வேண்டும். கைமரம் முதல் ரீப்பர் வரை தேக்கு போட்டுவிட்டு வாசல் நிலைக்கு மட்டும் கிடைத்ததை வைத்துக் கட்டிய வீடுகளும் உண்டு. தலைகீழான செலவு அது.

சரி, சைஸ் மரம். கடையில் அறுத்து அடுக்கி வைத்திருப்பதைப் பொறுக்கி எடுப்பது. கன அடி விலையைக் கேட்டால் தடியை விட மிகவும் அதிகமாகத் தெரியும். ஆனால் அறுத்த பிறகுள்ள மரத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். வெடிப்பு, கணு, முறுக்கு, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, வேண்டாததை ஒதுக்கலாம். சட்டத்தை ஒரு முனையில் தூக்கிக் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் கோணினாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றையும் அப்படிப் பாருங்கள்.

சைஸ் மரத்தில் காசு போகும் வழிகள் இரண்டு. ஒன்று, பெயருக்கு 4க்கு 3, கையில் வருவது மூன்றே முக்காலுக்கு இரண்டே முக்கால். ரம்பம் தின்றதும் இழைப்புளி எடுத்ததும் அது. கால் அங்குலம்தானே என்று தோன்றும். பெருக்கிப் பார்த்தால் 12 சதுர அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 10.3தான் இருக்கிறது, நூற்றுக்குப் பதினான்கு குறைவு. "அண்ணாச்சி, அறுத்த அளவுக்குப் பில்லா, இழைச்ச அளவுக்கா, பேருக்குள்ள அளவுக்கா?" என்று விலை பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும். மூன்றில் எதுவானாலும் தப்பில்லை, எதுவென்று தெரிந்தால் போதும். இரண்டாவது, சீட்டில் நீளம் எழுதும் விதம். 7 அடி 6 அங்குலத்தை 7.6 என்று எழுதி அப்படியே கால்குலேட்டரில் தட்டுவார்கள். உண்மையில் அது 7.5. ஓர் அங்குலத்திலிருந்து ஒன்பது அங்குலம் வரை இந்தத் தவறு கடைக்குச் சாதகம். பத்தும் பதினொன்றும் வந்தால்தான் நமக்குச் சாதகம், அந்த இரண்டும் வரும்போது மட்டும் எல்லாருக்கும் கணக்கு சரியாக வந்துவிடும்.

இனி தடி. மைத்துனர் சொன்ன பாதி விலை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியது இங்கேதான்.

உருண்டை மரத்தை நம் ஊர்க் கடைகளில் கால் சுற்றுக் கணக்கில் அளக்கிறார்கள். ஹோப்பஸ் அளவு என்றும் சொல்வார்கள். தடியின் நடுவில் சுற்றளவு எடுத்து, அதை நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுப்பது. சுற்று 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் கால் சுற்று 12. 12 × 12 × 10 ÷ 144, கச்சிதமாக 10 கன அடி. அந்தத் தடியில் உண்மையில் இருக்கும் மரம் 12.7 கன அடி. அறுக்கும்போது போகப்போகும் சிராயை நினைத்து, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக முன்பே தள்ளிக் கொடுக்கும் கணக்கு இது. அதனால் ஹோப்பஸில் வாங்கினால் சேதாரம் ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். முழுதும் கழியவில்லை.

நூல் பிடித்தாற்போல உருண்டையான அதே தடியில் ஒரே ஒரு சதுர உத்திரம் எடுத்தால் பக்கம் 10.8 அங்குலம் வரும், கன அளவு 8.1. பத்துக்கு எட்டு, அதுவும் ரம்பம் ஒன்றும் தின்னாத ஒரே துண்டுக்கு. பக்கவாட்டில் கழிந்ததில் ஒன்றிரண்டு ரீப்பர் தேறும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது உத்திரம் இல்லை, 5க்கு 4, 4க்கு 3, 4க்கு 2. ஒவ்வொரு வெட்டுக்கும் வட்ட ரம்பம் கால் அங்குலம் எடுத்துக்கொள்ளும். ஓர் அங்குல ரீப்பர் அறுத்தால் ஐந்தில் ஒரு பங்கு தூளாகப் போகும். பட்டை ரம்பம் (பேண்ட் சா) உள்ள மில்லில் இந்தச் சேதம் பாதிக்கும் கீழே குறையும், அதனால் மில்லைத் தேர்ந்தெடுக்கும்போது கூலியை மட்டும் பார்க்காதீர்கள். தடியின் வளைவு, ஒரு முனை பருத்து மறு முனை சிறுத்திருப்பது, மரத்தின் மையத்தில் ஓடும் நடுக்குருத்து, வெள்ளை எல்லாம் கழித்தால் 10 கன அடியில் ஆறு தேறினால் நல்ல தடி என்றே சொல்வேன்.

கன அடி 100 ரூபாய் என்று வெறும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்து கன அடித் தடி 1000. தேறியது ஆறு என்றால் கன அடிக்கு 167. அதன் மேல் ஏற்றுக்கூலி, வண்டி, அறுவைக் கூலி, மில்லில் நம் முறை வரும்வரை ஆசாரி சும்மா இருந்த சம்பளம். சைஸ் மரத்துக்கு 150 என்று ஒருவர் சொன்னால் அவர்தான் மலிவு. அப்படியானால் பாதி விலை என்றது வெறும் கதையா என்றால், அதுவும் இல்லை. வீடு முழுக்க நிலை, கதவு, கட்டில் வரை ஐம்பது, அறுபது கன அடி எடுப்பவர் இரண்டு மூன்று பெரிய தடியாக வாங்கி, பெரிய சைஸ், சிறிய சைஸ், பலகை என்று முறைப்படி வெட்டினால் சேதாரம் குறையும், நிறமும் ஒத்துவரும். பதினாறு கன அடிக்கு அந்த லாபம் வராது.

தடிதான் என்று முடிவு செய்தால் மூன்று இடத்தில் கவனம். சுற்றளவு எங்கே எடுக்கிறார்கள், பட்டைக்கு மேலா, கீழா, பக்கக் கிளை முளைத்த முண்டு மீதா என்று கூடவே நின்று பார்க்க வேண்டும். சுற்று இரண்டு மடங்காகப் பேசும். 48க்குப் பதில் 50 என்று எழுதினால் கன அடி நூற்றுக்கு எட்டரை கூடிவிடும். அடுத்து, சுற்று சிறிய தேக்கில் வெள்ளை அதிகம். சுற்றிலும் ஓர் அங்குலம் வெள்ளை என்றால் 60 அங்குலச் சுற்று மரத்தில் வைரம், அதாவது உள்ளே முற்றிய மரம், நூற்றுக்கு எண்பது, 30 அங்குலச் சுற்று மரத்தில் 62தான். சின்னத் தடிக்குக் கன அடி விலை குறைவாக இருப்பதன் காரணம் அது, கடைக்காரரின் தயவல்ல. மூன்றாவது, நடுக்குருத்து உள்ளே வரும்படி நிலைச்சட்டம் அறுத்தால் காய்ந்தபின் அந்த முகத்தில் நீளமாக வெடிக்கும். மில்லில் முதல் வெட்டு போடும் முன் ஆசாரி அங்கே நிற்க வேண்டும்.

கன மீட்டரில் விலை சொன்னால் இன்னொரு கேள்வி உண்டு. ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. ஆனால் ஹோப்பஸ் கன அடியாக மாற்றினால் 27.7தான். எதில் மாற்றினார்கள் என்று கேட்காமல் இரண்டு கடைச் சீட்டை ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் இறக்குமதித் தேக்கு நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. கானா, நைஜீரியா, ஈக்வடார் என்று நாட்டின் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். தோட்டத்தில் வேகமாக வளர்த்த மரம் பெரும்பாலும் இது. கெட்ட மரம் என்று சொல்ல மாட்டேன், வைரம் உள்ள துண்டாகப் பொறுக்கினால் நிலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் புதுத் தடியைக் காட்டி "பர்மா" என்றால் கொஞ்சம் யோசியுங்கள். 2014 ஏப்ரல் முதல் மியான்மர் தேக்கை உருட்டு மரமாக வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டது. படாக், மலேசிய சால் என்ற பெயர்களும் அப்படித்தான், ஒரே பெயரில் பல மரம் வருகிறது. பெயரை விட, கையில் எடுத்துக் கனம் பார்ப்பதும், ஒரு முனையில் லேசாகச் செதுக்கி நிறமும் மணமும் பார்ப்பதும் மேல். வேங்கை உறுதியான மரம், நிலைக்கு நல்லது, ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கும். வெள்ளையடித்த சுவரில் முதல் மழைக்கே கறை தெரியும் என்பதால் பூசு வேலைக்கு முன்பே நாலு பக்கமும் பிரைமர் அடித்துவிட வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் ஈரம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல். பாவூர்சத்திரம், செங்கோட்டை மில் முற்றங்களில் கிடக்கும் மரம் அந்த மாதங்களில் நனைந்து நனைந்து காய்கிறது. அதே மாதத்தில் பாளையங்கோட்டைக்குத் தெற்கே, நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் மழையில்லாத வறண்ட காற்று மண்ணை வாரி இறைக்கிறது. சாரலில் அறுத்த பச்சை மரத்தை அந்த வாரமே கொண்டுபோய் திசையன்விளையில் நிலையாக நிறுத்தினால் அகலத்தில் சுருங்கும், மூட்டு விரியும், கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். நீளத்தில் மரம் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கேதான். மில்லிலோ பெரிய கடையிலோ ஈரம் காட்டும் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். சமவெளிக்கு 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. மீட்டர் இல்லையென்றால் மாசி, பங்குனியில் அறுத்து, நிழலில் சிறு குச்சி இடைவெளி கொடுத்து அடுக்கி, முனைகளில் பெயின்ட் பூசி ஒரு கோடையைக் கழித்தபின் வேலையில் இறங்குவது உத்தமம். வேலையை அந்த அளவு தள்ளிப்போட முடியாதவர் தடியின் பக்கமே போகாமல் காய்ந்த சைஸ் வாங்குவது நல்லது.

பழைய மரம் இந்தக் கவலையைப் பெரும்பாலும் தீர்க்கிறது. ஐம்பது, அறுபது வருடம் வீட்டுக்குள் காய்ந்தது இனி அவ்வளவாகச் சுருங்காது, முறுக்காது. அக்ரகாரத்து வீடுகளும் டவுனுக்குள் இருக்கும் பழைய கட்டு வீடுகளும் பிரிக்கப்படும்போது வரும் உத்திரம், தூண், நிலை எல்லாம் இன்று புதிதாகக் கிடைக்காத சுற்றுள்ள மரத்தில் அறுத்தவை. என் கணிப்பில் வாசல் நிலைக்கு இதைவிட நல்லது கிடையாது.

ஆனால் அளக்கும் முறை வேறு. சட்டம் செருகிய துளை, ஆணி, முனையில் சுவருக்குள் இருந்து அரித்த பகுதி எல்லாம் வீண். 12 அடி உத்திரத்தில் இரண்டு முனையிலும் ஓர் அடி, நடுவில் துளை விழுந்த இடம் என்று கழித்தால் 7 அடி நல்ல துண்டு ஒன்று வரலாம், அந்த ஒன்று வாசல் நிலையின் ஒரு காலுக்குக் கணக்காக இருக்கும். மீதி சிறிய துண்டாகிவிடும். அதனால் கன அடியாகப் பேசாமல், உங்கள் சைஸ் பட்டியலை எடுத்துப்போய் எந்தத் துண்டில் என்ன வரும் என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்து, மொத்தமாக ஒரு விலை பேசுங்கள். ஆணி கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். பழைய மரத்தை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் மில்கள் உண்டு, எடுத்தாலும் ரம்பப் பல் போனால் அதற்குத் தனியாகக் கேட்பார்கள். அது நியாயம்தான். இன்னொன்று, உளுத்த தடம். வெளியில் குண்டூசித் துளையும் உள்ளே மாவும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், பக்கத்து மரத்துக்கும் பரவும்.

தோட்டத்து வேம்பைப் பற்றி வீட்டில் எழுந்த கேள்வி நியாயமானது. முற்றிய வேம்பின் வைரம் கரையானுக்குச் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது, பூவரசும் அப்படித்தான். ஆனால் வயலோரத்து வேம்பு தாழ்வாகக் கிளை பிரியும், மரமும் முறுக்கோடு வளரும். ஏழடி நிலைக்கால் எடுக்கலாம், ஒன்பதடி நேர்க் கைமரம் எடுப்பது கடினம். உள் நிலைக்கும் ஜன்னலுக்கும் என்று வைத்துக்கொண்டால் பொருந்தும். இலவசம் என்றும் சொல்ல முடியாது. வெட்டுக்கூலி, மில்லுக்கு இழுக்கும் வண்டி, அறுவை எல்லாம் உண்டு. வெட்டியதும் பட்டையைச் சீவி குளத்தில் சில வாரம் ஊறப்போடுவது நம் ஊர்ப் பழக்கம். வெள்ளையில் உள்ள மாவுச்சத்து தண்ணீரில் கரைந்துவிட்டால் உளுக்கும் வண்டுக்கு அதில் வேலையில்லை. குளத்தில் தண்ணீர் இல்லாத வருடத்தில் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் முக்கி எடுப்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு அது சரி, மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும்.

வெட்டும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொந்தப் பட்டாவில் நின்றாலும் தேக்கு என்றால் வண்டியில் ஏற்ற வனத்துறைச் சீட்டு கேட்பார்கள், 1968ஆம் வருட மரப் போக்குவரத்து விதிகள் அப்படி. மலையடிவாரத்தில் 1955ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட ஊராக இருந்தால் தேக்கு மட்டும் அல்ல, மற்ற மரத்துக்கும் அனுமதி வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் இதில் கூடுதலாக நிதானமாக இருக்க வேண்டும்.

பனங்கை பற்றி ஒரு வரி. சாய்ப்புக்கு முதிர்ந்த பனையின் வெளிப்பகுதியில் எடுத்த கைமரத்தை மிஞ்சுவது குறைவு. ஆனால் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாயிற்று. பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில் கிடைக்கும் பனங்கையை வாங்குவதுதான் வழி. பொதுவாக எண்ணிக்கையில் விற்பார்கள், கன அடியில் கேட்காதீர்கள். இரும்பு நிலை, சிமென்ட் நிலை, யுபிவிசி ஜன்னல் எல்லாம் மரம் இல்லாத வழிகள். கழிவறைக்கும் கொல்லைப்புறக் கதவுக்கும் நான் அதையே சொல்வேன், வாசலுக்குச் சொல்ல மாட்டேன்.

ஆக, இந்த 16 கன அடிக்கு என் முடிவு இதுதான். வாசல் நிலை பழைய மரத்தில், கோடு போட்டுப் பேசிய மொத்த விலைக்கு. உள் நிலையும் ஜன்னலும் தோட்டத்து வேம்பு முற்றியதாக இருந்து ஒரு கோடை காத்திருக்க முடிந்தால் அதில், இல்லாவிட்டால் டவுன் கடையில் காய்ந்த சைஸ். கைமரமும் ரீப்பரும் பழைய பனங்கையோ விலை குறைந்த சைஸ் மரமோ. தடியாக எடுத்து அறுக்கும் யோசனையை அடுத்த மாடி கட்டும்போது, கதவுப் பலகையும் சேர்ந்து கணக்கு ஐம்பதைத் தாண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

மரம் வந்து இறங்கும்போது வண்டிக்காரருக்கு அவசரம் இருக்கும். இருந்தாலும் சைஸ் வாரியாக அடுக்கி இறக்கச் சொல்லி, எண்ணிக்கையைச் சீட்டோடு சரிபாருங்கள். ஒவ்வொரு சைஸிலும் இரண்டு மூன்று துண்டையாவது டேப் வைத்து அளந்து, குறைவு இருந்தால் அங்கேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும். ஜிஎஸ்டி சேர்த்த விலையா, சேர்க்காததா என்பதையும் முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே கேட்டு வையுங்கள். இறக்கிய மரத்தைத் தரையில் போடாமல் செங்கல் வைத்து உயர்த்தி, மேலே தார்ப்பாய் போர்த்தி, பக்கவாட்டில் காற்றுப் போக விடுங்கள். நிலையைச் சுவரில் ஏற்றும் முன் சுவரைத் தொடும் பின்முகத்திலும் தரைக்குள் போகும் அடிப்பகுதியிலும் தார் பூசி, ஒரு நாள் உலர விடச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த பிறகு அந்த முகத்துக்குக் கை போகாது.